நான்கு வினாடி விடுதலை

யூத மக்களின் எழுபதாண்டுக் கண்ணீர் அன்று மாலை ஆறரை மணிக்கு, ஒரு நொடிகூட வெட்டப்படாமல், மனித குலத்துக்காக நேரடியாகப் பதிவு செய்யப்படும் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தது. ஏழு மணி வரை ஒரு சொட்டும் பதிவாகவில்லை. அவர்களை பாபிலோனிலிருந்து விடுதலை செய்ய வேண்டிய பாரசீக மன்னருக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை.

எழுதி, இசையமைத்து, நடத்துபவர் ஒருவரே. பாடகர் குழு அவரை ‘மேதை’ என்றது. நேரில் ஒரு தொனி, முதுகுக்குப் பின்னால் வேறு தொனி. படைப்பு பாதி நாடகம், பாதி கச்சேரி. அரசர்கள் வேஷம் கட்டியிருந்தார்கள். ஆனால் நின்ற இடத்தை விட்டு யாரும் அசையக் கூடாது.

ஒலிப்பதிவாளர் மேடைக்குப் பின்னால், குழுவினரின் கைப்பைகளும் செருப்புகளும் குவிந்த அறையில், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். மனித குலத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. மூன்றாம் வரிசை வலது ஓரத்தில் நிற்கும் மனைவியைப் பற்றித்தான். நாளை மறுநாள் அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. “பேச்சுக்கு நான் பொறுப்பு, பாட்டுக்கு இல்லை” என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இருபது வருடமாக ஊரார் குரலையெல்லாம் பிடித்து வைத்த மனுஷனிடம் சொந்த மனைவியின் பாட்டு தனியாக ஒரு வரி இல்லை. கேட்டால், “உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்பாள்.

ஆகவே மூன்றாம் வரிசைக்கு மேல் கூடுதலாக ஒரு மைக் தொங்கியது.

“அது யாருக்குங்க?” என்றாள் மனைவி, மேடை ஏறுமுன்.

“வலது பக்கம் கொஞ்சம் மெலிசா கேக்குது.”

“வலது பக்கத்துல நான் நிக்கிறேன்.”

“அப்படியா? கவனிக்கல.”

அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

பாடல் தொடங்கியது. அவர் அந்த மைக்கை மெல்ல ஏற்றினார். அவள் குரல் கேட்டது. கூடவே பக்கத்தில் நின்ற பல் டாக்டரம்மாவின் குரலும், பின்வரிசை வாத்தியாரின் குரலும். எங்கே ஏற்றினாலும் மூவரும் கைகோத்துக்கொண்டே வந்தார்கள்.

உச்சகட்டம் வந்தது. ஒத்திகைகளில் இங்கே நான்கு எண்ணும் வரை மௌனம். ஐந்தில் மன்னர் “போங்கள்!” என்பார், அதே மூச்சில் மக்கள் “வீடு போவோம்” என்று எழுவார்கள். இன்று அரங்கம் நிறைந்திருந்ததால் மேதைக்கு மௌனத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. தூக்கிய கையை இறக்கவே இல்லை. எல்லோரும் கையைப் பார்த்தார்கள். அவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள்.

“வீடு போவோம்…”

ஒற்றைக் குரல். லேசாகக் கரகரத்து, பிறகு நேராக எழுந்து நின்றது. கை விழுவதற்கு நான்கு வினாடி ஆனது. ஒலிப்பதிவாளரின் கண்ணாடி மங்கிப்போனது.

நிகழ்ச்சி முடிந்ததும் மேதை அறைக்குள் பாய்ந்தார். “யாரு அந்தப் பொம்பளை? நேத்து ஒத்திகையிலேருந்து மௌனத்தை எடுத்து ஒட்டிடுங்க.”

“ஒட்டிடலாம் சார். அழைப்பிதழ்ல ஒரு நொடிகூட வெட்டலைன்னு போட்டிருக்கு. ஆயிரம் பேர் வாங்கிட்டுப் போயிருக்காங்க.”

மேதை நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்டார். மெல்ல முகம் மலர்ந்தது. “இது தீர்க்கதரிசினியோட குரல்யா. ரொம்ப நாளா என் மனசுல இருந்தது.”

அவர் போனதும் மனைவி எட்டிப் பார்த்தாள். “மானம் போகுது. சத்தமில்லாம வெட்டிடுங்க.”

“மாட்டேன்.”

“ஏங்க, நான் தப்பாப் பாடினேன்!”

“ரெண்டு மணி நேரத்துல நீ தனியா கிடைச்சது அந்த நாலு வினாடிதான். அதையும் வெட்டச் சொல்றியா?”

அவள் செருப்புக் குவியலை நகர்த்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவள் காதில் வைத்தார். ஏழு தடவை கேட்டார்கள்.

வெளிவந்த இசைத்தட்டில், மன்னர் அனுமதி தருவதற்கு நான்கு வினாடி முன்பாகவே யூத மக்கள் கிளம்பிவிடுகிறார்கள்.