நாகலக்ஷ்மியின் மேல் வாசகர்கள் எழுதியவை

1968ஆம் வருஷம் ஆவணி அவிட்டத்துக்கு மறுநாள் காலை, கரமனை அக்கிரகாரத்தில் சேஷனின் மனைவி நாகலக்ஷ்மியின் இடது மணிக்கட்டில் ஒரு பென்சில் கோடு விழுந்தது. அவள் அப்போது உளுந்து களைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. கோடு கொஞ்சம் கோணலாக, நடுவில் பென்சிலை எடுத்துவிட்டு மறுபடி வைத்ததுபோல் விட்டுப் போயிருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. மறுநாள் அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'ஆஹா' என்று வந்தது. தேங்காய் விலை ஏறி எல்லார் வீட்டிலும் அவியலைக் குறைத்துக்கொண்டிருந்த வாரம் அது. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள ஒருவருக்கும் நேரமில்லை.

சேஷன் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அவர் எழுதிய 'பாலத்தடி வெயில்' என்ற நாவல் அந்த ஆனியில்தான் மதராஸில் அச்சாகி வந்திருந்தது. அதன் கதை இரண்டு வரியில் அடங்கும். சாரதா என்ற பெண் தினமும் ஆற்றங்கரைக்குப் போகிறாள், அங்கே வெள்ள அளவுக் கல்லைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வரும் வாலிபனிடம் "இன்னிக்கு எத்தனை அடி?" என்று கேட்கிறாள், அவன் சொல்கிறான், ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு அவனை வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள், பிற்பாடு அவள் தான் கட்டிக்கொண்ட புருஷனிடம் இதையெல்லாம் சொல்கிறாள். இவ்வளவையும் சேஷன் முந்நூறு பக்கத்துக்குக் கவிதையாக இழைத்திருந்தார். சொந்தக் கற்பனை என்று முன்னுரையில் எழுதியிருந்தார். கற்பனையில்லை. கல்யாணமான முதல் வருஷம் கரமனையாறு பெருகியபோது, பாலத்தில் நின்றுகொண்டு நாகலக்ஷ்மி, "இது எத்தனை அடி இருக்கும்?" என்று கேட்டாள். ஏன் கேட்கிறாய் என்று அவர் துருவினார். பிறந்த ஊரான கல்லிடைக்குறிச்சியில் தனக்குப் பதினேழு வயதில் நடந்ததை, தன் தங்கை விசாலத்தைத் தவிர வேறு யாருக்கும் தெரியாததை, கட்டின புருஷன்தானே என்று நம்பிச் சொன்னாள். புஸ்தகம் வந்தபோது அட்டையை மட்டும் பார்த்து அலமாரியில் வைத்தாள். "எனக்குத் தெரிஞ்ச கதைதானே" என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்காதது சேஷனுக்குச் சௌகரியமாக இருந்தது.

அக்கிரகாரத்துக் கோடியில் இருந்த தமிழ் வாசகசாலையில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. அதை நடத்திய தாணுமாலயன் சுசீந்திரத்துக்காரர். வாசகர்கள் ஓரத்தில் அபிப்பிராயம் எழுதுவதை எத்தனை பூட்டு போட்டும் தடுக்க முடியாது என்று கண்டுகொண்டு, பேனாவால் கிறுக்குவதற்குப் பதில் பென்சிலாவது இருக்கட்டும் என ஒவ்வொரு புஸ்தகத்திலும் நூல் கட்டி ஒரு துண்டுப் பென்சிலைத் தொங்கவிட்டிருந்தார். சேஷன் அங்கே போய்த் தன் நாவலைப் புரட்டினார். முதல் அத்தியாயத்தில், சாரதா படியிறங்கும் வரியின் கீழே அதே கோணல் கோடு, அதே இடைவெளி, கீழே 'ஆஹா'. உடனே மூடிவிடப் பார்த்தார். ஆனாலும் உள்ளதைச் சொல்லவேண்டும்: அந்த ஆஹாவை இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் புஸ்தகத்தை மூடினார்.

பிறகு கோடுகள் தாராளமாக வந்தன. முதல் அத்தியாயங்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, நடு அத்தியாயங்கள் தோளும் கழுத்தும், வெள்ளம் வருகிற அத்தியாயங்கள் முதுகு என்று ஒரு வரிசையும் இருந்தது. எந்த ஊரில் எவர் படித்தாலும் நாகலக்ஷ்மியின் மேலேதான் படித்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் ஆறாம் அத்தியாயம் முழுவதையும் அடிக்கோடிட்டதில் வலது புஜம் ரூல் போட்ட காகிதம் மாதிரி ஆயிற்று. 'ஒன்றுமே நடக்கவில்லை, ஆனாலும் கீழே வைக்க மனசு வரவில்லை' என்று ஒருவர். 'மழை ஜாஸ்தி' என்று விதுரை மலைப் பக்கத்து எஸ்டேட் கணக்குப்பிள்ளை ஒருவர். மழையைப் பற்றிச் சொல்ல அவருக்கு யோக்கியதை உண்டு. 'ஓடிப்போயிருக்கலாம், தைரியமில்லாத ஜன்மம்' என்று தோளில் விழுந்தது. 'குடும்பப் பெண் இப்படி நினைப்பாளா?' என்று பிடரியில் விழுந்தது. அதற்கு வேறொரு கையெழுத்து 'உன் வீட்டில் கேட்டுப் பார்' என்று பதில் போட்டது. நாவலில் வரும் புருஷனைப் பற்றி மட்டும் எவரும் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. சேஷனின் உடம்பு துடைத்து வைத்த பித்தளைச் செம்புபோல் சுத்தமாக இருந்தது. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம்தான்.

நாகலக்ஷ்மி ரவிக்கையின் கையை மணிக்கட்டு வரை தைத்துக்கொண்டாள். வேர்த்துக் கொட்டும் ஊரில் அது ஒரு தண்டனை. நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போன வீட்டில், வழக்கம்போல் சந்தனம் பூசவென்று அந்த வீட்டு மாமி அவள் கையை இழுத்து ரவிக்கையை மேலே தள்ளினாள். ஐந்தாறு பெண்கள் சூழ்ந்து நின்று படித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் நாவலைப் படித்தவர்கள்; மீதிப்பேருக்கு அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். கேலி செய்யக்கூட இல்லை, சுண்டல் பொட்டலத்தைக் கையில் கொடுத்து மரியாதையாக அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவள் எந்தக் கொலுவுக்கும் போகவில்லை.

"ஏன்னா, அழிச்சா போகுமோ பாருங்கோளேன். எனக்கு வெளியில தலை காட்ட முடியலை" என்றாள். அழிப்பது என்றால் புஸ்தகத்தில் அழிப்பதுதான் என்று அவருக்கே தோன்றியது. ரப்பர் கட்டி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசகசாலைக்குப் போய் மூலையில் உட்கார்ந்து தேய்த்தார். அங்கே 'ஆஹா' போனபோது, இங்கே வீட்டில் அவள் மணிக்கட்டிலும் போயிற்று.

தாணுமாலயனுக்குத் தாங்கவில்லை. "சாருக்கு என்ன பிராந்தா, கிறுக்கு புடிச்சிட்டா? நாலு ஆளு நல்லதாட்டு எழுதுனத அழிச்சா அடுத்தவன் புக்க எடுப்பானா? வேற எழுத்தாளன்மாரு இத காட்டிக்கிட்டுல்லா நடப்பாங்க."

"இல்லை வே, கொஞ்சம் அடக்கமா இருக்கட்டும்னுதான்" என்றார் சேஷன். தன்னடக்கத்துக்கு இப்படியும் ஓர் ஆள் உண்டா என்று தாணுமாலயன் ஊரெல்லாம் சொன்னார். சேஷனுக்கு அது பழுக்கக் காய்ச்சிய கம்பிபோல் சுட்டது. லீவு போட்டு நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை என்று நூலகம் நூலகமாகப் போய்த் தன் புகழைத் தானே தேய்த்துவிட்டு வந்தார். ஒரு பக்கம் அழிக்க இன்னொரு பக்கம் எழுதினார்கள். ஆனாலும் அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் நாகலக்ஷ்மியின் கைகள் ஏறக்குறையப் பழையபடி ஆயின.

1972இல், கரமனை வாசகசாலைப் பிரதியில், வெள்ளம் வருகிற அத்தியாயத்தின் ஓரத்தில், அழகான கையெழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'இதை எழுதியவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.' சேஷன் ரப்பரை வெளியே எடுத்தார். இதுவரை வந்ததெல்லாம் கதையைப் பற்றி. இது ஒன்றுதான் அவரைப் பற்றி. ஆபீஸில் இருபது வருஷமாக அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஒருவரும் வந்ததில்லை. ரப்பரை மறுபடி பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நாகலக்ஷ்மி ரவிக்கையைத் தளர்த்தி, "முதுகுல ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு எட்டாத இடத்தில், முதுகெலும்புக்கு வலப்பக்கம், அந்த வரி முத்து முத்தாக இருந்தது. "ஒண்ணும் இல்லை, சுத்தமா இருக்கு" என்றார். அதற்கப்புறம் மாதா மாதம் கேட்டாள். மாதா மாதம் சுத்தம் என்றார். அவள் கேட்காத நாட்களிலும், கூந்தலை முடிந்துகொண்டு அவள் குனியும்போது ரவிக்கைக்கு மேலே தெரியும் 'கண்ணில்' என்ற சொல்லை அவர் பார்த்துக்கொள்வார். இப்படிப் பார்ப்பது கேவலம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே பார்த்தார்.

முதுகு சுத்தம் என்று நம்பியதால்தான் நாகலக்ஷ்மி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகத் தொடங்கினாள். ரவிக்கைக் கையைக் குறைத்தாள். ஆற்றில் குளிக்கவும் போனாள். படித்துறையில் பெண்கள் பார்த்தார்கள், ஆனால் சொல்லவில்லை. புருஷன் கையைப் புகழ்ந்து இவளே யாரையாவது விட்டு எழுதிக்கொண்டாளாக்கும் என்று தங்களுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்கள். 1977 தீபாவளிக்குக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து விசாலம் வந்திருந்தாள். விடிகாலையில் அக்காவுக்கு முதுகில் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தவள், உரக்கப் படித்துவிட்டாள். கூடத்தில் சேஷன் வெடிக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். 

"இது புதுசா, பழசா?" என்று உள்ளே நாகலக்ஷ்மி கேட்பது அவர் காதில் விழுந்தது.

"பழசுதான்க்கா. மங்கிப் போயிருக்கு."

சேஷன் பிரித்த வெடிக்கட்டை மறுபடி சுற்றி வைத்தார். நாகலக்ஷ்மி குளித்து, புதுப்புடவை கட்டி, அவருக்கு லேகியமும் கொடுத்தாள். சண்டை போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். மத்தியானம் அலமாரியிலிருந்து 'பாலத்தடி வெயில்' பிரதியை எடுத்துத் தூசி தட்டி, சமையல் கணக்கு எழுதும் பென்சிலோடு ஊஞ்சலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். நாவல் வந்து ஒன்பது வருஷம் கழித்து அவள் இப்போதுதான் அதைத் திறந்தாள். தினமும் கொஞ்சம் படித்தாள். சேஷன் சாப்பிடும்போதும், பூணூலைச் சரிசெய்யும்போதும், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மதுரையும் மதராஸும் சொன்னதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. இவள் ஒருத்தி என்ன சொல்வாள் என்பதுதான் பயம். ஆற்றங்கரை அத்தியாயங்களில் அவள் ஒரு கோடும் போடவில்லை. ஓரிடத்தில் சிரித்தாள். ஓரிடத்தில் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். சேஷனுக்கு லேசாக நம்பிக்கை பிறந்தது.

கார்த்திகை மாதம் ஆபீஸில் பைல் கட்டிக்கொண்டிருந்தபோது அவருக்கு இடது நெஞ்சில் ஏதோ பிறாண்டியது. கழிப்பறைக்குப் போய்ப் பட்டன்களைக் கழற்றிப் பார்த்தார். நாகலக்ஷ்மியின் கையெழுத்து, இடப்பக்கம் சாய்ந்தது, அழுத்தமானது. ஒரே சொல்: 'பொய்.' வீட்டுக்கு வந்து பக்கத்தைத் தேடினார். சாரதா தன் புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் வருகிற இடம் அது: 'அவள் சொன்னதை அவன் தன் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டான், உயிர் உள்ளவரை எவரிடமும் சொல்லவில்லை.' அந்த வரியை எழுதிய நாளில் அவர் கண் கலங்கியது. இப்போது ரப்பர் பக்கத்திலேயே இருந்தது.

"அழிச்சுடட்டுமா, நாகா?"

"உங்க புஸ்தகம். உங்க இஷ்டம்."

அவர் அழிக்கவில்லை. அதற்குப் பதிலாக வாசகசாலைக்குப் போய், ஐந்து வருஷமாக வைத்திருந்த அந்தப் புகழ்ச்சியைத் தேய்த்துவிட்டு வந்தார். வந்து சொல்லவும் செய்தார். "இப்பவாவது" என்றாள் அவள், அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் பத்மநாபஸ்வாமி கோயிலுக்குப் போனார்கள். அங்கே ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாது. மேல்துண்டையும் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். சேஷன் சட்டையைக் கழற்றி மடித்து அவளிடம் கொடுத்தார். வரிசையில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்தவர்கள் படித்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். நடையில் நின்ற காவல்காரர் மலையாளி, அவர் நெஞ்சைச் சுட்டிக்காட்டி, "இதெந்தா சாமி, எழுதியிரிக்குன்னது?" என்றார்.

"கள்ளம்" என்று அந்தச் சொல்லை மலையாளத்தில் சொன்னார் சேஷன்.

"ஓ" என்று காவல்காரர் தலையாட்டி, வேஷ்டியை இறக்கிக் கட்டச் சொல்லி உள்ளே விட்டார்.

தரிசனம் முடிந்து கிழக்கு நடைக்கு வந்ததும் அவர் சட்டைக்காகக் கையை நீட்டினார். நாகலக்ஷ்மி கொடுக்கவில்லை. "ஆத்துக்கு இப்படியே வாங்கோ. நான் ஒன்பது வருஷம் ஊரார் எழுத்தைப் போட்டுண்டு நடந்தேனே" என்றாள். குரலில் கோபமில்லை. அதுதான் அவரைத் தாழ்த்தியது. கிழக்குக்கோட்டையில் கரமனை பஸ் ஏறினார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே படித்தார், பக்கத்து இருக்கைக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பெண்கள் பக்கத்தில் நாகலக்ஷ்மி சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் நேரம் தவிர மற்ற நேரத்தில் சேஷன் அதற்குப் பிறகு சட்டை போடவில்லை. 1983இல் ரிடையரான பின் அறவே போடவில்லை. புது மாப்பிள்ளையோ, வெளியூர் விருந்தாளியோ வந்து, மாமா நெஞ்சில் என்ன என்று கேட்டால், அக்கிரகாரத்தில் சின்னக் குழந்தைகூட, அது மாமி எழுதினது என்று சொல்லும்.