இடப்பக்கக் கண்ணாடி

கட்டிலில் கிடத்தியிருந்த உடலின் கஃபன் துணியை முகத்திலிருந்து விலக்கியதும் லமியாவின் கண் போனது அப்பாவின் இடது கன்னத்துக்குத்தான். மழமழவென்று இருந்தது. நேற்றுக் காலை அவரே சிரைத்துக்கொண்டது. மத்தியானம் இரண்டாவது தடவையாகப் பக்கவாதம் வந்து போய்விட்டார்.

முதல் தடவை உயிர் தப்பியது, உலகத்தின் இடது பாதி போயிற்று. கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கைவிட்டுவிட்டது என்றார் டாக்டர். தட்டில் வலப்பாதி கூஸ்கூஸை மட்டும் தின்றுவிட்டு, இன்னும் போடு என்பார் அப்பா மொன்ஜி. வலப்பாதி முகத்தை மட்டும் சிரைத்துக்கொண்டு வந்து நிற்பார். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பயிற்சி கொடுக்க வந்த தெரபிஸ்ட் விதாத்தும் அவரிடம் பஸ் பாஷையிலேயே பேசினாள்.

"டிரைவர், இடப்பக்கக் கண்ணாடியப் பாருங்க!"

"அது உடைஞ்சு போச்சும்மா."

"உடைஞ்சா என்ன? தலைய வெளிய நீட்டிப் பாருங்க. வண்டி நிறைய ஜனம் உக்காந்திருக்கு."

மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தாள். அது கண்ணில் படும்வரை அவர் கழுத்தைத் திருப்ப வேண்டும்.

அந்த விதாத் இப்போது மூக்கைச் சிந்திக்கொண்டு லமியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னமா உழைச்சார் தெரியுமா! போதும்னு நானே சொன்னாலும் விடமாட்டார். 'சம்பந்தக்காரங்க வருவாங்க, அவங்க எந்தப் பக்கம் உக்காந்தாலும் மூஞ்சியப் பாத்து நானே நிச்சய ஃபாத்திஹா ஓதிக் குடுக்கணும், அரை மூஞ்சியோட நின்னா பொண்ணுக்குக் கேவலம்'னு சொல்வார். அதுக்குள்ள இப்படி..."

சம்பந்தக்காரர்கள் வந்துபோய் மாதங்கள் ஆகிவிட்டன. விதாத்திடம் யாரும் சொல்லவில்லை.

அவர்கள் வந்த அன்றைக்கும் அப்பா அரை முகத்தோடுதான் வந்து நின்றார். வாசலில் மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்துவிட்டது. லமியா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பின்பக்க நடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அவருக்கு வலது பக்கம் சுவர், இடது பக்கம் கூடத்துக்குப் போகும் கதவு. யோசித்துத்தான் அப்படிப் போட்டாள். திறந்து கிடந்தாலும் அந்தக் கதவு அவருக்குக் கிடையாது. வந்தவர்களிடம், "பாபாவுக்குக் காய்ச்சல், படுத்திருக்கார்" என்று சொல்லிவிட்டாள்.

அப்பாவின் இடத்தில் சித்தப்பா உட்கார்ந்து சம்மதம் சொன்னார். எல்லோரும் கையேந்தி ஃபாத்திஹா ஓதும் சத்தம் நடைவரைக்கும் கேட்டது. நிச்சயமானாலும் சாவானாலும் ஓதுவது அதே ஃபாத்திஹாதான். இனிப்புத் தட்டோடு போனவளை மொன்ஜி நிறுத்தினார்.

"யாருக்கும்மா ஃபாத்திஹா? யாராச்சும் போயிட்டாங்களா?"

"ஆமா பாபா. பக்கத்துத் தெருவுல ஒருத்தர்."

"அடப் பாவமே."

உள்ளங்கைகளை விரித்தார். சொந்த மகளின் நிச்சயத்தில், யாரோ செத்தவருக்கென்று ஓதி முகத்தைத் தடவிக்கொண்டார். பெற்ற மகள் செய்கிற காரியமா இது! அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்பார், "எப்பம்மா வர்றாங்க?" என்று.

"முழுசா ஷேவ் பண்ணக் கத்துக்கங்க. வரச் சொல்றேன்" என்பாள்.

கற்றுக்கொண்டார்.

வாசலில் சலசலப்பு. மாப்பிள்ளையின் அம்மா நஜீபா உள்ளே வந்து லமியாவைக் கட்டிக்கொண்டாள்.

"அன்னைக்குக் காய்ச்சல்னு சொன்னே. தூங்குற மனுஷன எழுப்ப வேணாம்னு நானும் இருந்துட்டேன். உசுரோட ஒரு தடவ அந்த முகத்தப் பாக்கலியேடி!"

விதாத் நிமிர்ந்து லமியாவைப் பார்த்தாள். எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

வெளியே ஆண்கள் உடலைத் தூக்குவதற்குத் தயாராகிவிட்டார்கள். நஜீபா கட்டிலின் இடது பக்கமாகக் குனியப் போனாள். லமியா அவள் கையைப் பிடித்தாள்.

"அங்க வேணாம் அத்தை. இப்படி வலப்பக்கமா வாங்க. இங்க நின்னாத்தான் அவருக்குத் தெரியும்."

நஜீபா சுற்றிக்கொண்டு வந்தாள். வழியில், அன்றைக்கு நடையில் போட்ட அந்த நாற்காலி கிடந்தது. லமியா அதைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.