இடது கைக்கு வளையல் வேண்டாம்

கெங்கம்மாள் இடது கையைத் தூக்கியதும் திண்டிவனம் மண்டபத்தில் மேளம் நின்றது, பந்தியில் ஊற்றிய சாம்பார் இலைக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றது, ஹைவேயில் சென்னை பஸ்ஸெல்லாம் வரிசையாக நின்றன. அவள் வீட்டுக்காரர் சீனுவாசன், ரிட்டையர்டு கண்டக்டர், விழுப்புரம் முழுக்க இதை டிக்கெட் கிழிக்காத குறையாக விநியோகித்து வந்தார். "சாம்பாரை வுடுங்க, மேளமே நிக்கலை" என்று மறுத்தவள் ஒருத்திதான். சம்பந்தியம்மா கவிதா.

நடந்தது மகள் பானுப்ரியாவின் வளைகாப்பில்.

போன வருஷம் கெங்கம்மாளுக்கு இடது மார்பில் புற்றுநோய் ஆப்பரேஷன். அக்குளில் நெறி கட்டுமே, அந்த முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். "கையில நீர் வடியற வழி கொறஞ்சிடுச்சிம்மா. எத்தினி வருஷம் கழிச்சும் வீங்கலாம். அந்தக் கைக்கு ஊசி, இறுக்கமான வளையல் வேணாம். மோதிரம் இறுக்குனா ஒடனே வந்துடுங்க, ஆரம்பத்துல கட்டுப்படுத்திடலாம்" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

சம்பந்தி வீட்டுக்கு அவள் சொன்னது கர்ப்பப்பை ஆப்பரேஷன். மார் என்கிற வார்த்தையே வாயில் வராது. வளைகாப்புக்கு முந்தின வாரம் மோதிரம் இறுக்கியது. சோப்பு போட்டுக் கழற்றினாளே தவிர ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கை கால் வீங்கினால் அந்தப் பக்கத்தில் ஒரே பேர்தான், யானைக்கால். பொண்ணு வீட்டு வியாதி என்பார்கள். பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த யானைக்கால் மாத்திரையைக்கூட வாங்கி விழுங்கிப் பார்த்தாள். வீக்கம் அதை மதிக்கவில்லை.

மண்டபத்தில் வந்த பெண்களுக்கெல்லாம் வளையல்காரர் போட்டுவிட, இவள் வலது கையை மட்டும் நீட்டினாள்.

"ஒத்தக் கைக்கா போட்டுக்குவாங்க? என் பேரப்புள்ளைக்கு ஆகாதுங்க சம்மந்தி" என்று சிரித்துக்கொண்டே கவிதா, முந்தானைக்குள் இருந்த இடது கையை வெளியே இழுத்தாள். வளையல்காரர் விரல்களைக் குவித்து அழுத்தினார். பச்சை வளையல் கட்டைவிரல் மேட்டில் சிக்கிக்கொண்டது.

"இன்னாங்க, கை கொழுக்கட்டையாட்டம் கீது?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"யானைக்காலா இருக்குமோ?" என்றாள் பின்னாலிருந்து இன்னொருத்தி.

பானுப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். கெங்கம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்னொரு அழுத்து அழுத்தினால் வளையல் ஏறிவிடும், பேச்சும் அடங்கிவிடும். கை என்ன ஆகும்? கவிதாவின் பிடியிலிருந்து வெடுக்கென்று பிடுங்கித் தூக்கினாள்.

"வேணாம் வுடுங்க. மார்ல புத்துநோய்னு ஆப்பரேஷன் பண்ண பக்கம் இது. இறுக்கக் கூடாது. யானைக்கால் இல்ல, யாருக்கும் ஒட்டாது. சம்மந்திகிட்ட பொய் சொல்லிட்டேன்."

சொன்ன பிறகு யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டார்கள். இன்னும் விட்டிருந்தால் கல்லாகியிருக்கும் என்றார்கள். வீக்கம் வடிந்ததும், அது திரும்பாமல் இருக்க, கை முழுக்க ஒரே சீராக அழுத்திப் பிடிக்கும் ஒரு உறை. நடந்ததையே இல்லை என்று கவிதா சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம், தான் மண்டபத்தில் பேசியதால் அவளுக்கு வந்த மானக்கேடு என்றே கெங்கம்மாள் நினைத்திருந்தாள்.

ஒரு நாள் கவிதா விழுப்புரம் வந்தாள். சீனுவாசன் அவளிடமே சாம்பாரை அந்தரத்தில் நிறுத்தத் தொடங்கினார். அவள் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு, சாம்பாரெல்லாம் அண்ணன் வுடுற கதை. மேளம் நின்னுச்சு, சம்மந்தி. ஒங்க கை என் கையிலதான இருந்துச்சு. மேளம் நின்னதுல, நான் புடிச்சி இழுத்ததை நாலு பேரு திரும்பிப் பாத்தாங்களேன்னு வெக்கம். அதான் இல்லன்னுகினு இருந்தேன்."