பளிச்சு வளர்த்த மீன்

அவள் கணவருக்கு வீட்டில் எல்லாமே பளபளவென்று இருக்க வேண்டும். செருப்பின் அடிப்பக்கத்தைக்கூடத் துடைத்து வைக்கிற மனுஷன். அக்கம்பக்கத்தில் அவருக்குப் பேரே 'பளிச்சு'. மூளையையும் அப்படித்தான் துடைத்து வைத்திருக்கிறார், அதில் ஒன்றும் ஒட்டாது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

மீன்தொட்டி அவளுடையது. தண்ணீர்மேல் ஆகாயத்தாமரை படர்ந்து மிதக்கும். அதன் வேர்கள் மீன் கழிவை உறிஞ்சிக்கொள்ளும், இலை நிழலில் கண்ணாடியில் பாசி ஏறாது. பயந்தாங்கொள்ளி கௌராமி மீன் ஜோடி அந்த நிழலை நம்பித்தான் வெளியே தலைகாட்டும். இத்தனை வருஷம் ஏமாற்றிய ஜோடி, நேற்றுத்தான் இலையடியில் நுரையால் கூடுகட்டி முட்டையிட்டிருந்தது. அது பொரிந்துவிட்டால் போதும் என்றிருந்தாள் அவள்.

இன்று கணவரின் மேலாளர் வீட்டுக்கு வருகிறார். அவள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பளிச்சு கைவரிசையைக் காட்டிவிட்டார். தண்ணீர் மொட்டையாகக் கிடந்தது. மேலே கண்ணைக் குத்தும் புது விளக்கு.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஒரே குப்பை. சோப்பு நுரை வேற. எல்லாத்தையும் அள்ளி வாளியில போட்டுட்டேன். ஒரு தேங்க்ஸ்கூடக் கிடையாதா?"

"அது கூடுங்க! உள்ள முட்டை இருக்கு!"

"மீனுக்கு ஏது கூடு? அது என்ன காக்காவா?" என்று சிரித்தார் அந்த மேதை. அழைப்புமணி அடித்தது.

மேலாளர் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தொட்டி நல்லாதான் இருக்கு. மீன் எங்க?"

இரண்டும் தொட்டி மூலையிலிருந்த காற்று மோட்டாருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தன. பளிச்சு கண்ணாடியைத் தட்டி அழைத்தார். அவை இன்னும் ஒடுங்கின.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளியலறைக்குப் போய் வாளியைத் தூக்கிவந்தாள். விளக்கை அணைத்துவிட்டு, செடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் விட்டாள். கணவரின் இஸ்திரி கலையாத சட்டையில் தண்ணீர் தெறித்தது. தெறிக்கட்டும்.

ஓர் இலையடியில் கொஞ்சம் நுரை மிச்சமிருந்தது. ஆண் மீன் மெல்ல வந்தது. செடிகளோடு வந்து சிதறிய முட்டைகளை வாயால் பொறுக்கிப் பொறுக்கி அந்த நுரைக்குள் ஒட்டவைத்தது. எத்தனை பிழைக்குமோ தெரியாது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மேலாளர் தரையிலேயே உட்கார்ந்து வாய்பிளந்து பார்த்தார்.

"அடேங்கப்பா! யாருங்க வளர்க்கிறது?"

"நான்தான் சார்," என்றார் பளிச்சு, ஈரச் சட்டையோடு. "பார்த்துப் பார்த்து வளர்க்கிறேன்."

"ஆமா சார்," என்றாள் அவள். "இவ்வளவு நேரம் குளியலறை வாளியில வளர்த்துட்டிருந்தார்."