எல்லோருக்கும் முதல் லாரி

கணினித் திரையில் சக்கரம் சுற்றி நின்றது. நாளைக்குப் போகவேண்டிய காய்கறி, தேங்காய், வாழை இலை எல்லாவற்றையும் கடைகளில் இறக்க எத்தனை லாரி வேண்டும் என்று திரை சொன்னது: பதினொன்று.

முதலாளி நடேசனிடம் இருந்ததோ ஐந்து.

"நல்ல சாஃப்ட்வேர் லா," என்றார் நடேசன், மோகனப்பிரியாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி. "செலவைக் குறைக்கத்தான் இதைக் கூட்டிட்டு வந்தோம். இது என்னையே லாரி வாங்க அனுப்புது."

சிரிப்பதுபோல் சொன்னாரே தவிர, சிரிக்கவில்லை. அவரிடம் காய் வாங்கும் பெரிய ஹோட்டல், இனி ஒவ்வொரு பெட்டிக்கும் எவ்வளவு புகை என்று கணக்குக் கேட்டிருந்தது. டீசல் விலை ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. 'உங்க லாரியை வித்துடுங்க, டெலிவரியை எங்ககிட்ட விடுங்க' என்று ஒரு வெளிக் கம்பெனிக்காரன் திங்கட்கிழமை கையெழுத்து வாங்க வருவதாக இருந்தான். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நாள் இந்தச் சாஃப்ட்வேர் சொல்கிறபடி ஓட்டிக் காட்டுகிறேன் என்று கெஞ்சிக் கேட்டவள் மோகனப்பிரியாதான். அது சரிவராவிட்டால் ஐந்து லாரியும் போகும், ஐந்து டிரைவர்களின் வேலையும் போகும். கிராஞ்சிக் கிடங்கின் மாடியில், எந்த லாரி எங்கே போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கும் இந்த நாற்காலியும் போகும்.

நடேசன் கீழே இறங்கிப் போனார். மென்பொருளைக் கற்றுக்கொடுக்க வந்திருந்த ஃபஸீலா, பபிள் டீயை ஓரமாக வைத்துவிட்டுத் திரையை மேலும் கீழும் உருட்டினாள்.

"அக்கா, எல்லாக் கடைக்கும் 'காலையில ஏழு மணிக்குள்ள'ன்னு போட்டிருக்கீங்க. எல்லாருக்கும் முதல் முன்னுரிமை."

"அவங்க அப்படித்தான் கேப்பாங்க."

"எல்லாருமா?"

"எல்லார்கிட்டயும், உங்களுக்குத்தான் முதல் லாரின்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஃபஸீலா திரையைச் சுட்டினாள். "நீங்க சொன்னதை இது அப்படியே நம்பிடுச்சுக்கா. கடைக்காரங்ககூட நம்பியிருக்க மாட்டாங்க."

மோகனப்பிரியாவுக்குக் காது சூடாகியது.

தமிழர் கடைத்தெருவான தேக்காவில் கடை திறந்தால் முதல் சரக்கு, முதல் போணி என்பது சின்ன விஷயமில்லை. பக்கத்துக் கடைக்கு முன்னால் நம் வாசலில் லாரி நிற்கவேண்டும். அதனால் ஐந்து லாரியும் விடியலில் கிராஞ்சியிலிருந்து நேராக அங்கே சிராங்கூன் சாலைக்குத்தான் ஓடும். குறுகிய சந்துகளில் ஒன்றன்பின் ஒன்றாக, இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கும். ஆளுக்குக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பாதி காலியாக, அங்கிருந்து ஒன்று கேலாங், ஒன்று செங்காங் என்று ஊர் சுற்றக் கிளம்பும். ஒருவர் மனமும் கோணாமல் இதை நடத்துவதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. தன்னால்தான் இது முடிகிறது என்று நினைத்திருந்தாள்.

அன்று ரயிலில் வீடு திரும்பும்போது பதினொன்று என்ற அந்த எண் கூடவே வந்தது. கணவன் சரத்தின் சட்டை, மகள் வர்ஷாவின் பிராஜெக்ட், மாமியார் மரியம்மாளின் கஞ்சி. வீட்டிலும் யாரையும் அவள் இரண்டாவதாக வைத்ததில்லை. அதைப் பாசம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவேளை, யாரிடமும் 'இல்லை' என்று சொல்லத் துணிவில்லாததற்குத்தான் அந்தப் பெயரை வைத்துவிட்டோமோ? மென்பொருள் அப்படி எதுவும் கேட்கவில்லை. உன் வார்த்தையை நீ காப்பாற்ற வேண்டுமானால் இத்தனை லாரி வேண்டும் என்று மட்டும் சொன்னது. இவ்வளவு மரியாதையாக யாரும் அவளைக் கண்டித்ததில்லை.

மறுநாள் காலையில் தேக்காவில் இறங்கினாள். பூஜைச் சாமான்களோடு வாழை இலையும் தேங்காயும் விற்கும் லட்சுமி, ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டிருந்தாள்.

"லட்சுமிக்கா, உண்மையைச் சொல்லுங்க. சரக்கு எத்தனை மணிக்கு வந்தா உங்களுக்கு வசதி?"

"இது என்ன புதுசா? ஏழு மணிக்கு முன்னாலதான் அனுப்புவியே."

"அனுப்புவேன். நீங்க எப்பப் பிரிப்பீங்க?"

லட்சுமி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். "பத்து மணிக்குத்தான் பையன் வருவான். அதுவரைக்கும் வாசல்லதான் கிடக்கும், இலையெல்லாம் வாடி. ஆனா எதிர்க்கடை கோவிந்தராசுவுக்கு முன்னாடி இறக்கிட்டு எனக்கு அப்புறம் இறக்கினா, நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

எதிர்க்கடை கோவிந்தராசு இதையே வேறு வாயால் சொன்னார். "ஒன்பதரைக்கு வந்தாலும் எனக்கு ஓகே, தங்கச்சி. அந்தம்மா முந்திக்கக் கூடாது, அவ்வளவுதான்."

ஒன்பதரைக்கு ஒரே லாரி நடுத்தெருவில் வந்து நின்று, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இறக்கினால் இரண்டு பேருமே முதல்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதைக் கேட்க ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று அவளே முடிவுசெய்து வைத்திருந்தாள்.

கடைசியாக செங்காங்கில், காப்பிக்கடையில் இட்லிக் கடை போட்டிருக்கும் தங்கத்திடம் போனாள். தங்கம் ஒருநாளும் நேரம் கேட்டவளில்லை. 'லாரி எப்ப வருதோ வரட்டும்' என்பாள். அதனால் ஏழு மணி என்று எழுதியிருந்தாலும் அவளுக்கு எப்போதும் கடைசி லாரி, வெயில் ஏறிய பிறகு.

"வேண்டியது காலையிலதான்," என்றாள் தங்கம், சட்னிக் கரண்டியை விடாமல். "தேங்காய் இல்லாம எப்படி இட்லி போடறது? முந்தின நாள் வர்றதை வச்சு ஓட்டுவேன். பத்தலைன்னா டாக்ஸி எடுத்துப் போய் வாங்கிட்டு வருவேன்."

"ஏன்கா சொல்லலை?"

"நீயே அத்தனை பேரைச் சமாளிக்கிற. நான் வேற எதுக்கு?"

சத்தம் போட்டவர்களுக்கெல்லாம் மோகனப்பிரியா முதலிடம் கொடுத்திருந்தாள். தன்னைப்போலவே வாய் திறக்காத ஒருத்தியைக் கடைசியில் நிறுத்தியிருந்தாள்.

சாயங்காலம் கிடங்குக்கு வந்து, கேட்டதையெல்லாம் கேட்டபடி எழுதிப் பொத்தானை அழுத்தினாள். இந்த முறை சக்கரம் நிற்கக் கொஞ்சம் நேரமெடுத்தது. அது என்னென்ன யோசிக்கும் என்று ஃபஸீலா சொல்லியிருந்தாள்: தேங்காய் எடையில் கனக்கும், இலை இடத்தை அடைக்கும், எந்தச் சாலையில் எப்போது ஈஆர்பி எனும் நெரிசல் நேரக் கட்டணம் ஏறும், கனமான சரக்கை முதலில் இறக்கினால் மிச்சத் தூரத்துக்கு எவ்வளவு டீசல் மிச்சம், காலியாகத் திரும்பும் லாரி வழியில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் சரக்கு ஏற்றிக்கொண்டு வந்தால் என்ன. ஆயிரக்கணக்கில் வழிகளைப் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, மறுபடி தொடங்கும். அலுத்துக்கொள்ளாது. பழைய சண்டையை நினைவில் வைத்துக்கொள்ளாது. யார்மீதும் பயமில்லாத ஒரு மூளை இப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பொறாமையாகக்கூட இருந்தது.

நான்கு லாரி, என்றது திரை. முதல் லாரி நெடுஞ்சாலை வழியாக நேராக செங்காங்குக்கு, தங்கத்திடம்.

வெள்ளிக்கிழமை காலை நடேசன் கோப்பியோடு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். வரைபடத்தில் நான்கு புள்ளிகள் நகர்ந்தன. கீழே முற்றத்தில், ஐந்தாவது லாரியின் டிரைவர் ஸைஃப் சும்மா இருக்க மனமில்லாமல், ஏற்கெனவே கழுவிய லாரியை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

ஏழு தாண்டியதும் தொலைபேசி அடித்தது. கோவிந்தராசு.

"என்ன தங்கச்சி, லாரியைக் காணோம். எனக்குத்தானே முதல்?"

ஒன்பதரைக்கு வந்தால் போதும் என்று சொன்ன அதே மனிதர். மூன்றாவது புள்ளி தேக்காவைத் தாண்டி கேலாங் பக்கம் திரும்பப்போகிறது. அதன் டிரைவர் ரகுபதிக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், லாரியைத் தேக்காவுக்குத் திருப்பிவிடுவார். அப்புறம் லட்சுமி கூப்பிடுவாள், அதற்கப்புறம் அடுத்த கடை. பத்து மணிக்குள் ஐந்தாவது லாரியும் வெளியே போகவேண்டி வரும். நடேசன் கோப்பியைக் கீழே வைத்தார். 'வந்துகிட்டே இருக்கு' என்று சொல்லிவிடு என்று அவர் கை ஜாடை காட்டியது. அவளுடைய நாக்கும் அதற்குத் தயாராகவே இருந்தது.

"நீங்க சொன்ன ஒன்பதரைக்கு வரும்ணே," என்றாள் மோகனப்பிரியா. "அதுக்கு முன்னால வராது."

மூன்றாவது புள்ளி கேலாங் பக்கம் திரும்பியது.

"சரி," என்றார் கோவிந்தராசு. "ஒன்பதரைன்னா ஒன்பதரை லா. லேட்டாகக் கூடாது."

ஒன்பதரை அடிக்கக் கொஞ்சம் முன்னால் புள்ளி அந்தத் தெருவில் நின்றது. ரகுபதி கூப்பிட்டார். "அக்கா, நிறுத்த இடம் இருக்கு. இந்தத் தெருவுல எனக்கு இடம் கிடைச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன். ரெண்டு கடைக்காரங்களும் வாசல்ல நின்னு, யார் பெட்டி முதல்ல இறங்குதுன்னு பாக்கறாங்க. நான் இந்தக் கையில ஒண்ணு, அந்தக் கையில ஒண்ணு தூக்கிட்டேன்."

பிற்பகலில் கணக்கு வந்தது. லாரிகள் ஓடிய தூரத்தில் கால்வாசி குறைந்திருந்தது. டீசலும் புகையும் அதோடு குறைந்திருந்தன. ஹோட்டல்காரர்கள் கேட்ட பெட்டிவாரிப் புகைக்கணக்கைத் திரை தானாகவே போட்டு வைத்திருந்தது. நடேசன் இரண்டு முறை படித்தார்.

"இனி டிரைவருங்க முறை போட்டு ஆளுக்கொரு நாள் லீவு எடுத்துக்கட்டும். சம்பளத்துல கை வைக்க வேணாம். திங்கக்கிழமை வர்றவனை வரவேணாம்னு சொல்லிடும்மா."

"அதை நீங்களே சொல்லுங்கண்ணே. எனக்கு நாளைய லோடு இருக்கு."

சொன்ன பிறகுதான் சொன்னதையே உணர்ந்தாள். நடேசன் அவளை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் தம் கைத்தொலைபேசியைத் தேடினார்.

அவளுடையதும் அடித்தது. சரத்.

"பிரியா, அம்மாவோட மருந்து வாங்கணும், என் கோட்டு லாண்டரில இருக்கு, வர்ஷாவுக்கு ஏதோ சார்ட் பேப்பராம். எல்லாம் அர்ஜெண்ட்."

முன்பெல்லாம் இந்நேரம் பையை எடுத்திருப்பாள். இப்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"ஒவ்வொண்ணும் எப்ப வேணும், சொல்லுங்க."

"என்ன?"

"எத்தனை மணிக்குள்ள?"

சரத் பக்கத்திலிருந்த வர்ஷாவிடம் விசாரித்தான். "மருந்து இன்னிக்கு ராத்திரிக்குள்ள. சார்ட் பேப்பர் திங்கக்கிழமைக்குத்தானாம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "கோட்டை நானே எடுத்துக்கறேன், என் ஆபீஸுக்குக் கீழதானே அந்தக் கடை," என்றான்.