சீர்த்தட்டில் வந்த டயப்பர்

வெங்கிடுசாமியின் ஏழு மாதப் பேரனுக்குக் காதுகுத்து. மலையை விட்டிறங்கி அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் கடை வைத்திருக்கும் சம்பந்தி வீட்டார் ஒன்பது தட்டுச் சீரோடு வந்தார்கள். ஒரு தட்டு நிறைய டயப்பர்.

"ஏனுங்க, இன்னுமா இங்க பழைய வேட்டியக் கிழிச்சுக் கட்டுறீங்க?" என்று சம்பந்தியம்மாள் சுகுணா சிரித்தாள்.

மலைமேல், ஆலத்தூர் நாட்டு ஊர்களில் வெங்கிடுசாமியின் முகத்துக்கு நேரே அப்படிச் சிரித்தவர்கள் கிடையாது. வந்தவர்கள் திரும்பும்வரை பிள்ளை டயப்பரோடுதான் இருக்க வேண்டும் என்று மருமகள் தாரணியிடம் கண்டிப்பாகச் சொன்னார். மூன்று நாள் தங்கினார்கள். பிள்ளையைக் கைமாற்றிக் கொஞ்சிய கூட்டத்தில், ஈரம் கனத்துத் தொங்கியதை மாற்றக்கூட அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.

"மாமா, அடியெல்லாம் செவந்து கெடக்குதுங்க. கழட்டிட்டுக் கொஞ்சம் காத்தாட விடட்டுங்களா?"

"உங்கம்மா போவட்டும் அம்மிணி. சீர் செஞ்சதக் கழட்டி எறிஞ்சாங்கன்னு பேச்சு வரப்படாது."

அவர்கள் போனபோது பிள்ளையின் தொடையிடுக்கு வெந்துபோயிருந்தது. தன் படர்தாமரைக்கு மருந்துக்கடையில் வாங்கியிருந்த களிம்பை வெங்கிடுசாமியே எடுத்துத் தடவினார். இரண்டே நாளில் சிவப்பு அடங்கியது. "பாத்தியா?" என்றார். ஐந்தாம் நாள் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது, சுற்றிலும் பொடிக் கொப்புளங்களோடு. இன்னும் தடவினார். தோல் மெலிந்து நீர் கசிந்தது. மூத்திரம் பட்ட போதெல்லாம் பிள்ளை வீறிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் தாரணி.

"நம்ம ஊட்டுப் பிள்ளைக்கு இடுப்புல புண்ணுன்னு நாடு பூராம் பேசோணுமா?"

பன்னிரண்டாம் நாள் அவள் யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அவர் பின்னால் போனார்.

துணியை விலக்கிப் பார்த்து, தாரணி நீட்டிய களிம்புக் குழாயையும் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. "பூஞ்சை ஏறியிருக்கு. படர்தாமரைக் களிம்புல ஸ்டீராய்டு இருக்கும், பச்சப்பிள்ளைக்கு அதப் போடலாமா? யாரு போட்டது?"

வெங்கிடுசாமி தொண்டையைச் செருமினார். வரிசையில் தெரிந்த முகங்கள் நாலைந்து நின்றன.

"நாந்தானுங்க," என்றாள் தாரணி.

"படிச்ச பொண்ணுதானே நீ?" எல்லோர் முன்னாலும் அவளுக்குத் திட்டு விழுந்தது. "அந்தக் களிம்ப இன்னையோட நிறுத்து. ஈரமான உடனே மாத்து. வெறும் தண்ணியில கழுவி ஒத்தி எடு, தேய்க்காத. நல்லாக் காத்துப்பட விடு. நான் எழுதித் தர்ற மருந்து மட்டும் போடு." எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள்.

வெளியே, கீழே இறங்கும் பஸ் புறப்பட நின்றிருந்தது.

"நான் எங்க ஊட்டுக்குப் போறேனுங்க மாமா."

"எப்ப வருவ?"

அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஏறினாள். தடுத்து நிறுத்த அவருக்கு வாய் ஏது? ஆனாலும் ஜன்னலருகே போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்கம்மா கேட்டா என்ன சொல்லுவ, கண்ணு?"

"நான் பண்ணுன தப்புன்னே சொல்லிக்கிறேனுங்க."

நெஞ்சு லேசானது. அப்படி லேசானதை அவரே உணர்ந்தார். பஸ் நகர்ந்து வளைவில் மறையும்வரை அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை.