துண்டுக்குள் ஒரு கப்பல்

விருமாண்டியிடம் போய் யாராவது "இது இம்புட்டுத்தான்" என்று கறாராகச் சொன்னால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். உசிலம்பட்டிச் சந்தையில் முப்பது வருடமாக மாட்டுத் தரகு பார்க்கிற மனுசன். கேட்கிற விலை வேறு, முடிகிற விலை வேறு என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பஸ்ஸில் கண்டக்டரிடம் பேரம் பேசியிருக்கிறார். ஒருமுறை காய்ச்சலுக்கு டாக்டர் பத்து நாள் மாத்திரை எழுதியபோது, "ஏழுக்கு முடிச்சு விடுங்க சார்" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

ஆகவே அந்த எண்பத்தொன்றாம் வருடம், மகள் அன்னக்கொடி மதுரையிலிருந்து வந்து இறங்கி, "அப்பா, ஒரு வருசம் கப்பல்ல போயிப் படிக்கப் போறேன்" என்று சொன்னபோது, அவர் முதலில் கேட்டது கப்பலைப் பற்றி அல்ல.

"ஒரு வருசம்ங்கிறது அவங்க கேக்குறது. நாம எம்புட்டுக்கு முடிக்கலாம்?"

அன்னக்கொடி மதுரை ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ முடித்தவள். சில நாடுகள் சேர்ந்து ஒரு படிப்புக் கப்பல் விட்டிருந்தன. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் காலேஜில் சேருவதற்கு முன்னால் ஒரு வருடம் அதில் ஏறிக்கொள்ள வேண்டும். வகுப்பு, சாப்பாடு, பரீட்சை எல்லாம் கப்பலுக்குள்ளேயே. தூத்துக்குடியில் கிளம்பி, கொழும்பு, மொம்பாசா என்று துறைமுகம் துறைமுகமாக நின்று பார்த்துவிட்டு அடுத்த ஆனியில் தூத்துக்குடிக்கே திரும்பிவிடும். ஹாஸ்டல் வார்டன் அம்மா இவள் பெயரை எழுதிப் போட்டார். இவளும் பரீட்சை எழுதி இடம் வாங்கிவிட்டாள். பைசா செலவில்லை. காலேஜிலும் இவளுடைய சீட்டை ஒரு வருடம் அப்படியே வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அப்பா சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் நாலு நாளைக்கு வேறு பேச்சே இல்லை. கப்பலில் பள்ளிக்கூடம் வைத்தால் மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே எங்கே போகும் என்று ஒருவன் கேட்டான். பெயிலானால் கடலில் தள்ளிவிடுவார்களோ என்று இன்னொருவன் கவலைப்பட்டான். அவன் மூன்று தடவை பத்தாவது எழுதியவன், அவனுக்கு அந்தக் கவலை நியாயமானதுதான்.

அன்னக்கொடியின் அம்மா ஒச்சாயிக்கு வேறு கவலை. "ஏத்தா, கப்பல்ல குளிக்கத் தண்ணி கெடைக்குமா?"

"சுத்திலும் கடலும்மா."

"அது உப்புத் தண்ணியில்ல?" என்று யோசித்தாள் ஒச்சாயி. "நம்ம கெணறு மட்டும் என்ன இனிக்குதா? போயிட்டு வாத்தா."

இப்படி வீட்டில் ஒரு ஓட்டு விழுந்துவிட்டது. விருமாண்டி மட்டும் பிடி கொடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அதுதான் விசேஷம். "பேசி முடிப்போம்த்தா, ஆறு மாசத்துக்குக் கொண்டாந்துரலாம்" என்பார். கப்பல் சுற்றிவரவே ஒரு வருடம் ஆகுமே என்று அவள் மேப்பைக் காட்டினாள். மேப்பைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கமாத் திரும்பினா சுருக்கா வந்துரலாம்ல" என்று கண்டம் ஒன்றைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். அவள் மேப்பை வாங்கி மடித்து வைத்துவிட்டாள்.

உள்ளதைச் சொல்லிவிடலாம். மகளைப் பார்க்காமல் அந்த ஆளால் இருக்க முடியாது. ஆறாம் வகுப்பில் அவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்றைக்குப் படுத்தவர் ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. விஷக்காய்ச்சல் என்று ஊரை நம்ப வைத்தார். அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் ஒரு பொட்டலம் முறுக்கோடு மதுரை பஸ் ஏறிவிடுவார். பாதி முறுக்கைப் போகும் வழியிலேயே தின்றுவிடுவார் என்பது வேறு விஷயம். இப்போது கடலுக்கு எந்த பஸ்ஸில் ஏறுவது? இதை வெளியே சொன்னால் மீசைக்கு மரியாதை இருக்காது. அதனால் தொழில் கற்றுக்கொடுத்த வழியில் இறங்கினார். மாட்டைக் கொடுக்க மனமில்லாதவன், 'கொடுக்க மாட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டான். எவனும் ஒத்துக்கொள்ள முடியாத விலையைச் சொல்லுவான். வந்தவன் தானாகத் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவான்.

கப்பல்காரர்கள் சார்பில் பேச வந்தவர் கோரிப்பாளையம் நூருல் அமீன். முன்பு கப்பல்களில் இருபது வருடம் சமையல் பண்டாரியாக இருந்துவிட்டு, இப்போது தர்கா பக்கத்தில் கைலிக் கடை வைத்திருக்கிறார். கடலைப் பார்த்தவர் வாயால் சொன்னால் தகப்பனுக்குத் தைரியம் வரும் என்று வார்டன் அம்மா அவரை அனுப்பியிருந்தார். அவர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். இரண்டு தடவையும் விருமாண்டி கொல்லைப்பக்கமாக நழுவிவிட்டார். மூன்றாவது தடவை நூருல் அமீன் உஷாராகிவிட்டார். ஒச்சாயியையும் அன்னக்கொடியையும் கூட்டிக்கொண்டு நேராகச் சந்தைக்கே வந்துவிட்டார். சந்தை நாளில் தரகன் எங்கே ஓடுவான்?

"அண்ணே, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் சேதி சொல்லணும். இல்லாட்டி அடுத்த பிள்ளைக்கு இடத்தைக் குடுத்துருவாங்க" என்றார்.

"பேசிருவோம் பாய்" என்று சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து நூருல் அமீனின் கையில் போட்டு, அதற்குள் தன் கையை விட்டார் விருமாண்டி.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லுவதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேச்சு. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. சுற்றி நிற்கிறவனுக்குத் துண்டு ஆடுவதுதான் தெரியும். கைகள் சேர்ந்திருக்கும்வரைக்கும் பேரம் உயிரோடு இருக்கிறது என்று கணக்கு. ஒருவன் கையை விட்டுவிட்டால் தீர்ந்தது, அப்புறம் அன்றைக்கு அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

கைலிக்கடைக்காரர் திருதிருவென்று விழிப்பார், அந்தச் சாக்கில் கையை உதறிவிடலாம் என்பது விருமாண்டியின் திட்டம். ஐந்தையும் ஒன்றையும் பிடித்து ஆறு மாதம் என்றார். நூருல் அமீன் விழிக்கவில்லை. ஐந்து, மறுபடியும் ஐந்து, அப்புறம் இரண்டு என்று சுத்தமாகப் பன்னிரண்டைப் பிடித்துக் காட்டினார்.

"எங்க அத்தா மேலூர்ப் பக்கம் ஆட்டு யாவாரம்ண்ணே" என்று தகப்பனாரின் தொழிலைச் சொல்லிச் சாதுவாகச் சிரித்தார்.

விருமாண்டி அசந்துதான் போனார். ஆனாலும் ஏழு என்றார். பன்னிரண்டு என்றது துண்டு. ஏழரை என்றார். பன்னிரண்டு. தரகர்களெல்லாம் மாட்டை விட்டுவிட்டுச் சுற்றி நின்றுவிட்டார்கள். என்ன மாடு, எங்கே மாடு என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

"பாதியில இறக்கி விடுறதுக்கு அது என்ன டவுன் பஸ்ஸாண்ணே?" என்றார் நூருல் அமீன். "குறையாதுண்ணே. நான் பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

இதற்காகத்தானே காத்திருந்தது. விருமாண்டி சடாரென்று கையை விட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தை ரொம்பத் துக்கமாக வைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார். "படியலத்தா. என்னால ஆனமட்டும் பேசிப் பாத்துட்டேன்."

ஒச்சாயி தலையில் அடித்துக்கொண்டாள். நூருல் அமீன் குடையைக் கையில் எடுத்தார். அன்னக்கொடி அழுவாள் என்று விருமாண்டி எதிர்பார்த்தார், அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தார். அவள் அழவில்லை.

"பாய் கையை எதுக்குப்பா பிடிச்சீங்க?" என்றாள். "போறது நான்தான? என்கிட்டல்ல பேசணும்?"

சொல்லிவிட்டு அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டாள். அந்தச் சந்தையில் அதுவரை எந்தப் பொம்பளையும் துண்டுக்குள் கை விட்டதில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சுருளி, விருமாண்டியோடு கூடத் தரகு பார்க்கிறவன், மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

அவளுக்கு விரல் பாஷை அத்துபடி. தரகன் பெற்ற பிள்ளைக்குக் கணக்கு எதில் சொல்லிக் கொடுத்திருப்பான்? ஐந்து, ஐந்து, இரண்டு என்று அழுத்தமாகப் பிடித்தாள். விருமாண்டி ஆறு என்றார். அவள் பன்னிரண்டு என்றாள். அவர் எட்டு என்றார். அவள் மாற்றவே இல்லை. அவர் பத்து என்றார். அப்புறம் பதினொன்று என்றார். முப்பது வருடத் தொழிலில் இவ்வளவு வேகமாக விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஏன் விட்டுக்கொடுக்கிறோம் என்று அவருக்கே புரியவில்லை. சின்னப் பிள்ளையில் அவர் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்த கை, இப்போது அவர் கையையே வளைத்துப் பிடித்திருந்தது.

கையை விட்டால் போதும். அவ்வளவுதான் வேலை. ஒரு உதறு உதறினால் பேரம் செத்துவிடும், மகள் பஸ் போகிற தூரத்திலேயே இருப்பாள், சனிக்கிழமை முறுக்குக்கும் பங்கம் வராது. உலகத்தில் யார் யாருடைய கையையோ உதறிய மனுசன்தான். இந்தக் கையை உதற அவருக்கு வரவில்லை. விரல்களுக்குச் சொல்லிப் பார்த்தார், அவை கேட்கவில்லை.

அப்போதுதான் எந்தத் தரகனும் செய்யாத காரியத்தை விருமாண்டி செய்தார். துண்டுக்குள் பேச வேண்டியதை வாயால் பேசிவிட்டார்.

"அம்புட்டு நாளு உன்னையப் பாக்காம நான் எப்படித்தா இருப்பேன்?"

மெதுவாகச் சொல்லுவதாகத்தான் நினைத்தார். மாட்டுச் சந்தையில் பழகிய தொண்டை, சந்தையின் மறுகோடி வரைக்கும் கேட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மீசையில் நின்றது. துடைக்கக் கை இல்லை, ஒரு கை துண்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது, இன்னொரு கை துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கும்தாம்ப்பா கஷ்டமா இருக்கும்" என்றாள் அன்னக்கொடி. "ஆனா நான் போகணும்ப்பா."

கையை அவளும் விடவில்லை. ஒச்சாயி பக்கத்தில் வந்து முந்தானையால் புருசன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்தச் சாக்கில் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

விருமாண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நூருல் அமீனைப் பார்த்தார். "பன்னெண்டு. முடிஞ்சது பாய். போயிச் சேதி சொல்லிருங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் நூருல் அமீன். அதற்கு மேல் நின்றால் மனுசன் மறுபடியும் பேரத்தை ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்து, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.

சுருளிக்குத்தான் மனசு ஆறவில்லை. "என்ன மாமா, ஒண்ணுகூடக் குறைக்காம கேட்ட வெலைக்கே முடிச்சுட்டீக?"

"கேட்டது எம்மகடா மாப்ள" என்றார் விருமாண்டி.